கட்டை கட்ட இடமில்லாத கலையரங்கம்

எங்கள் ஊர்க் கலையரங்கத்தைப் புதுப்பித்து முடித்துவிட்டார்கள். தை மாதம் திறப்பு விழா. அடுத்த மாதமே அங்கே ஒரு நிகழ்ச்சி. பேர் ‘வேரபிள் ஆர்ட்’. ‘அணியும் கலை’ன்னு தமிழிலும் பேனரில் போட்டிருந்தார்கள். படங்கள் உங்களில் சிலருக்கும் வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். ரெண்டு பேர் எனக்கே அனுப்பி, "உங்க ஊரா சார், சூப்பரா இருக்கே!" என்று கேட்டிருந்தார்கள். எங்க ஊர்தாங்க. சூப்பரா இல்லையா என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கங்க.

செய்யாறு, வந்தவாசி பக்கம் ஊருக்கு ஊர் ஒரு நாடக மேடை இருக்கும். பாதி ஊரில் அது தொகுதி நிதியில் கட்டினதாக இருக்கும், நெற்றியில் ஒரு பெயரும் வருஷமும் செதுக்கியிருக்கும். எங்களுடையதும் அப்படித்தான். இடுப்பு உயர மேடை, மேலே சிமெண்ட் ஷீட், பின்னாலே ஒரு அறை. மேடைக்கு முன்னால் மண் தரை. உண்மையில் கூத்து நடந்தது அந்த மண் தரையில்தான். மேடையில் ஏறி ஆடினதே கிடையாது. மேடை என்பது குழந்தைகள் படுத்துத் தூங்குவதற்கும், அறுப்புக் காலத்தில் மழை வந்தால் நெல் மூட்டையை ஏற்றி வைப்பதற்கும். பின்னாலிருந்த அறையில்தான் வேஷம் கட்டுவார்கள். ஓடு ஒழுகும், பல்லி விழும், ஆனாலும் அது அவங்க அறை.

இப்போ புதுசில் என்ன இருக்கு? மேடைக்கும் முன்தரைக்கும் சேர்த்துப் பளபளன்னு டைல்ஸ். மூணு பக்கம் சுவர், முன்னால் இரும்பு ஷட்டர். ஏழெட்டு ஃபோகஸ் லைட். பின்னறை போய் அந்த இடத்தில் கழிப்பறையும் ஸ்டோர் ரூமும். சுற்றிக் கம்பி வேலி, கேட், பூட்டு. சாவி ஊரில் இல்லை. சாவி வேணும்னா மனு எழுதணும். கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பலகை: இரவு 10 மணிக்கு மேல் அனுமதி இல்லை, தரையில் குழி தோண்டக் கூடாது, கற்பூரம், தீப்பந்தம் கொளுத்தக் கூடாது, சமையல் செய்யக் கூடாது.

கூத்து தெரிந்தவர்கள் அந்தப் பலகையை ஒரு தரம் படித்தால் போதும். கூத்து நடக்கக் கூடாது என்று நேராக எழுதாமல், கூத்துக்கு வேண்டிய ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தடுத்திருக்கிறார்கள். வேணும்னே செய்தார்கள் என்று சொல்ல மாட்டேன். வேணும்னே செய்திருந்தால் கூடக் கூத்தைப் பற்றி ஏதோ தெரிந்திருக்கிறது என்று ஆறுதலாவது படலாம். அவங்களுக்குத் தெரியவே இல்லை. அங்கே என்ன நடக்கும் என்று ஒரு ஆளைக் கூப்பிட்டுக் கேட்கவும் இல்லை.

நகரத்தில் இருக்கிறவங்களுக்காகக் கொஞ்சம் விளக்கிடறேன். எங்க வடக்கத்திப் பகுதியில் தெருக்கூத்துக்கு இன்னொரு பேர் கட்டைக்கூத்து. கட்டை என்பது மரக்கட்டையில் செய்த அணிகலன். தலைக்குக் கிரீடமோ சிகரேக்கோ, தோளுக்குப் புஜக்கட்டை, நெஞ்சுக்கு மார்ப்பதக்கம், கன்னத்தின் ரெண்டு பக்கமும் தொங்குகிற கட்டைகள். எல்லாத்திலும் கண்ணாடிச் சில்லும் ஜிகினாவும் ஒட்டியிருக்கும். ராஜ வேஷக்காரர்தான் இதைக் கட்டுவார். துரியோதனன், கர்ணன், அர்ச்சுனன். அதனால்தான் ‘வேஷம் போட்டார்’ என்று நாங்கள் சொல்வதில்லை, ‘கட்டை கட்டினார்’ என்போம். இடுப்பைச் சுற்றித் துணியை அடுக்கடுக்காகக் கட்டிப் பாவாடையைப் புடைக்க வைத்து, முகம் எழுதி, கட்டை ஒவ்வொன்றையும் கயிற்றால் இழுத்துக் கட்டி, காலில் சலங்கை கட்டி எழுந்திருக்க ரெண்டு மணி நேரத்துக்குக் குறையாது. அப்புறம் திரைக்குப் பின்னால் வந்து நின்று, பாடி, திரை விலகிச் சுழன்று ஆட ஆரம்பித்தால், அந்தக் கண்ணாடிச் சில்லு ஒவ்வொன்றும் வெளிச்சத்தை வாங்கி ஜனங்கள் மேலே வீசும். ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கினால் விடியும்போதுதான் முடியும்.

இது அணியும் கலை இல்லைன்னா வேறு எது?

சரி, நிகழ்ச்சிக்கு வருவோம். சாயங்காலம் ஆறரைக்கு ஆரம்பித்து ஒன்பதுக்கு முடிந்தது. பட்டணத்துப் பிள்ளைகள் பனை ஓலையில், சாக்கில், பழைய சைக்கிள் டியூபில், சோளத் தட்டையில் உடை செய்து போட்டுக்கொண்டு நடந்தார்கள். பழிக்க மாட்டேன், ரெண்டு மூணு நிஜமாகவே நல்லா இருந்தது. பனை ஓலையைத் தோகை மாதிரி மடித்து ஒரு பொண்ணு போட்டு வந்தது, எங்க ஊர்ப் பாட்டிங்களே வாயைப் பிளந்தாங்க. அந்தப் பிள்ளைகள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. என் கோபம் வாசலில் நடந்த கூத்து மேல்.

வாசலில் ரெண்டு பேர் கட்டை கட்டிக்கொண்டு நின்றார்கள். வரவேற்புக்கு. நாலு மணிக்கே வேஷம் கட்டி முடித்து, ஒன்பது மணி வரைக்கும் நின்றார்கள். ஒருத்தர் எங்க பக்கத்து ஊர் வாத்தியார். முப்பது வருஷமாகத் துரியோதனன் கட்டுகிறவர். கூட நின்றது அவர் மகன். வருகிறவங்க எல்லாம் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்தார்கள். ஒரு அம்மா புஜக்கட்டையைத் தட்டிப் பார்த்து, "தெர்மோகோலா?" என்று கேட்டாங்க. உள்ளே ‘அணியும் கலை’ நடக்குது, வாசலில் அணியும் கலை தோரணம் மாதிரி கட்டி வைத்திருக்கு.

அவங்க வேஷம் கட்ட இடம் கேட்டபோது, ஸ்டோர் ரூமில் நாற்காலி அடுக்கியிருப்பதால் முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து முகம் எழுதினார்கள். "இன்னா வாத்தியாரே, இப்படி?" என்று கேட்டேன். "ஆடாம நிக்கறதுக்குக் கட்டை கட்டினது இதுதான் தம்பி மொத தடவ. நின்னா கயிறு அறுக்குது. ஆடினா தெரியாது" என்றார். பணம் என்னவோ கம்மியில்லை. ஒரு ராத்திரி முழுக்க ஆடினால் ஆள் பங்குக்கு வருவதைவிடக் கூடத்தான் கொடுத்தார்கள். எனக்கு அதுதான் இன்னும் உறைக்குது. ஆடுவதற்குக் கொடுப்பதைவிட ஆடாமல் நிற்பதற்கு அதிகம்னு விலை வைத்துவிட்டால், அந்த மகன் எதைக் கற்றுக்கொள்வான், சொல்லுங்க?

‘வேரபிள் ஆர்ட்’ வெளிநாட்டுக் கருத்து, அதை நம்ம கிராமத்துக்குக் கொண்டு வந்திருக்கிறோம் என்று மேடையில் ஒருத்தர் பேசினார். அவர் சொன்ன வெளிநாட்டுக் கதையையே எடுத்துக்கொள்வோமே. இன்றைக்கு உலகத்தில் இந்த வகையில் பெரிய நிகழ்ச்சி நியூசிலாந்தில் நடப்பது. 1987-இல் சூசி மான்கிரீஃப் என்ற சிற்பி, நெல்சன் ஊருக்கு வெளியே நாட்டுப்புறத்தில் இருந்த ஒரு சின்னக் கலைக்கூடத்துக்கு ஆள் வரவழைக்கத் தொடங்கினார். சுவரில் மாட்டுகிற கலையை எடுத்து மனுஷ உடம்பில் மாட்டிப் பார்ப்போம் என்பதுதான் யோசனை. கூடாரம் போட்டு நடத்தினார்கள். வருஷா வருஷம் வளர்ந்தது. 2005-இல் நிகழ்ச்சி தலைநகர் வெலிங்டனுக்குப் போய்விட்டது. வளர்ந்தால் இடம் வேணும், அவங்களைத் தப்புச் சொல்லவில்லை. ஆனால் கவனியுங்க: ஒரு கிராமத்துக் கலைக்கூடம் பிழைக்கணும் என்று தொடங்கிய விஷயம் அது. இங்கே நடந்தது நேர் தலைகீழ். கட்டடம் பிழைத்துவிட்டது. அதில் ஆட வேண்டியவன் திண்ணைக்குப் போய்விட்டான்.

நம்ம ஊர் உதாரணமும் ஒண்ணு இருக்கு. சென்னைக்குத் தெற்கே சோழமண்டலம் ஓவியர் கிராமம், கே.சி.எஸ். பணிக்கர் 1966-இல் தொடங்கியது. ஓவியம் விற்றுச் சாப்பிட முடியாத காலம். ஓவியர்கள் பாத்திக் துணிக்குச் சாயம் போட்டு விற்று, அந்தக் காசில்தான் நிலம் வாங்கினார்கள், காலம் தள்ளினார்கள். உடுத்துகிற துணி ஓவியனைக் காப்பாற்றியது. அங்கே செய்தவனுக்கும் இடத்துக்கும் சம்பந்தம் இருந்தது. சாவி அவன் கையில் இருந்தது.

இனி அந்தத் தரையைப் பற்றி. டைல்ஸ் போட்டதில் என்ன தப்பு, சுத்தமாத்தானே இருக்கு என்று கேட்பீங்க. கட்டை வேஷக்காரன் குதித்து இறங்குவான், ஒரே இடத்தில் கிறுகிறுன்னு சுற்றுவான். வேர்வை சொட்டும். வேர்வை விழுந்த டைல்ஸில் சலங்கைக் காலோடு சுற்றிப் பாருங்க, இடுப்பு எலும்பு எத்தனை துண்டாகும்னு தெரியும். மண் தரை காலை வாங்கிக்கொள்ளும். சாணம் தெளித்து, தண்ணி விட்டு இறுக்கின களம் மாதிரித் தரை வேணும். நெல் அடிக்கிற களம் எதுக்கு அப்படி இருக்கோ அதே காரணம்தான்: அடி விழணும், தரை உடையக் கூடாது, அடிக்கிறவன் காலும் உடையக் கூடாது. இது எந்த இன்ஜினியருக்கும் புரியாத விஷயம் இல்லை. கேட்டிருந்தால் எங்க ஊர் மேஸ்திரியே சொல்லியிருப்பார், செலவும் குறைந்திருக்கும்.

பத்து மணி விஷயம் கொஞ்சம் சிக்கலானது, அதையும் நேர்மையாச் சொல்லணும். 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகள்படி ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கிக்குத் தடை. திருவிழா மாதிரி நாட்களில் நள்ளிரவு வரை மாநில அரசு தளர்த்தலாம், அதுவும் வருஷத்துக்கு 15 நாளுக்கு மேல் போகக் கூடாது. பிள்ளைங்க படிக்கணும், நோயாளி தூங்கணும், விதி வேண்டியதுதான். சினிமாப் பாட்டைக் குழாயில் கட்டி அலற விட்டதால் வந்த வினை அது. ஆனால் கூத்துக்காரனுக்கு நாளே பத்து மணிக்குத்தான் தொடங்குது. பார்க்கிறவன் வயலிலிருந்து வந்து, மாட்டைக் கட்டி, சாப்பிட்டு வருவதற்குப் பத்தாகிறது. கோயில் பாரதத்துக்கு வருஷா வருஷம் ஊர்ப் பெரியவங்க காவல் நிலையத்தில் மனு கொடுத்து, பேசி, எப்படியோ நடத்துகிறோம். அந்தத் தொல்லை போதாதென்று கலையரங்கமே தன் பங்குக்குப் பத்து மணிக்குக் கதவை மூடுகிறது. கலைக்காகக் கட்டின இடமாவது கலைக்காக வாதாட வேண்டாமா? முதல் ஆளாகப் பூட்டிக்கொண்டு ஓடுது.

கற்பூரம் கூடாது என்றார்களே, அதற்கு வருகிறேன். பங்குனியிலிருந்து ஆனி வரை எங்க பகுதியில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும். பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து. அர்ச்சுனன் தபசுக்கு மரம் ஏறுவது, கடைசியில் களிமண்ணில் துரியோதனனைப் படுக்கப் போட்டுப் படுகளம், தீமிதி. இதில் துகிலுரிதல் நடக்கிற ராத்திரி ஒண்ணு உண்டு. அன்றைக்கு ஒரு புடவைதான் மொத்தக் கூத்தும். நான் பார்த்த இடங்களில் எல்லாம், துச்சாதனன் வேஷக்காரர் அந்தப் புடவையைத் தொடுவதற்கு முன்னால் கற்பூரம் ஏற்றிக் கும்பிடுவார். திரௌபதி வேஷம் கட்டியிருப்பதும் ஆம்பிளைதான், அவருக்குத் தெரிந்த ஆள்தான், சாயங்காலம் சேர்ந்து டீ குடித்தவர்தான். ஆனாலும் தொட பயம். தொட்ட நேரத்தில் கூட்டத்தில் பெண்களுக்குச் சாமி வரும். சில தரம் தொட்டவருக்கே மயக்கம் வந்து தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். உடுத்துகிற துணிக்கு இவ்வளவு கனம் கொடுக்கிற ஜனங்களிடம் வந்து, ‘உடை என்பதும் கலைதான், தெரியுமா?’ என்று வகுப்பு எடுக்கிறார்கள். அந்தக் கற்பூரம் தரையில் கறை பண்ணுமாம்.

"கூத்து தானாகவே செத்துக்கிட்டு வருது, பழசைப் பிடிச்சுத் தொங்காதீங்க" என்று சிலர் பின்னூட்டத்தில் எழுதுவீங்க. தெரியும். கூத்தின் பழைய ஏற்பாட்டை நான் கொண்டாடவில்லை. எந்த ஊரில் எந்தக் குழு ஆடலாம் என்பது பிறப்பால் வந்த உரிமையாக இருந்த காலம் உண்டு. களத்துமேட்டில் நெல்லு வாங்கத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றவங்க அவங்க. ராத்திரி ராஜா, காலையில் வாசலில் நிற்கிறவன். பெண்களை ஆட விட்டதும் கிடையாது. அதெல்லாம் மாறணும், மாறியும் இருக்கு. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்துச் சங்கம் 2002-இல் குருகுலம் நடத்தத் தொடங்கி, பள்ளிப் படிப்போடு கூத்தும் சொல்லிக்கொடுத்தார்கள், பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்து. அந்தப் பிள்ளைகள் கட்டை கட்டி ஆடினதைப் பார்த்தவர்களுக்குக் கூத்து சாகிறது என்று சொல்ல வாய் வராது. அந்தக் குருகுலம் 2020-இல் மூடப்பட்டது. பிள்ளைகளுக்குத் திறமை இல்லாமல் போனதாலா மூடினார்கள்? கற்றுக்கொடுக்கிற இடத்துக்கு வருஷா வருஷம் சோறு போட வேண்டும். கட்டடத்துக்கு ஒரு தரம் சிமெண்ட் போட்டால் போதும், கல்வெட்டில் பேரும் நிற்கும். எது சுலபம்?

கட்டைக்கு மரம் எங்கிருந்து வருது என்று யாராவது யோசித்தீங்களா? கல்யாண முருங்கை. முள்ளு முருங்கை என்றும் சொல்வோம். நீங்க சளிக்கு அடை சுடுகிற அதே இலைதான். பஞ்சு மாதிரி லேசான மரம், சீக்கிரம் செதுக்கலாம். கனமான மரத்தில் செய்து தோளில் கட்டிக்கொண்டு விடியற வரைக்கும் எவனாலும் ஆட முடியாது. முன்னே எல்லா வேலியிலும் நின்றது. ஒரு கிளையை வெட்டி மழைக்காலத்தில் ஊன்றினால் துளிர்த்துவிடும். 2000-களின் நடுவில் ஒரு சின்னக் குளவி வந்து இலையிலும் காம்பிலும் முட்டை வைத்து, முடிச்சு முடிச்சாக வீங்க வைத்து, மரம் மரமாகப் பட்டுப்போனது. கேரளாவில் மிளகுக் கொடி படர விட்டிருந்தவங்களுக்கும் அதே கதி. அப்புறம் வேலி என்றால் கம்பி வேலி என்று ஆகிப்போச்சு. இப்போ நல்ல பருமனில் ஒரு மரம் வேணுமென்றால் கட்டை செய்கிறவர் ஊர் ஊராக அலைகிறார். கிடைக்காதபோது வேறு மரம், அட்டை, அந்த அம்மா கேட்டாங்களே, தெர்மோகோல், அதுவும் வருது. புதுப்பித்த காசில் ஒரு மூலையில் இருபது கிளை ஊன்றியிருக்கலாம். கலையரங்க வளாகத்தில் இப்போ ஊன்றியிருப்பது அரளியும் குரோட்டன்ஸும்.

எங்க ஊரில் நாலஞ்சு பேர் சேர்ந்து மனு ஒண்ணு எழுதியிருக்கோம். பெரிசா ஒண்ணும் கேட்கவில்லை. முன்தரையில் டைல்ஸை எடுத்துவிட்டு மண் போடுங்க. ஸ்டோர் ரூமை வேஷம் கட்டுகிற அறையாக்குங்க, கண்ணாடி ஒண்ணு, குழாய் ஒண்ணு, ஃபேன் ஒண்ணு. பாரதம் நடக்கிற நாட்களுக்குச் சாவி ஊர்க் குழுவிடம் இருக்கட்டும். வெளியாட்கள் நிகழ்ச்சி நடத்தினால் தாராளமா நடத்தட்டும், ஆனால் கூத்துக்காரங்களைக் கூப்பிட்டால் ஆட விடணும், அரை மணி நேரமாவது. மனுவை வாங்கினவர் படித்துப் பார்த்துவிட்டு, "மண் போட்டா தூசி வருமே" என்றார். வருங்க. தூசி வரும். கூத்து முடிந்து காலையில் வீட்டுக்குப் போனால் தலையெல்லாம் செம்மண்ணாகத்தான் இருக்கும்.

நகரத்து நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தரம் எங்க ஊர் மாதிரி ஊருக்கு இப்படி நிகழ்ச்சிக்கு வந்தால், நுழைவுச் சீட்டு வாங்குகிற இடத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "வாசல்ல நிக்கறாரே, அவர் எத்தனை மணிக்கு ஆடறார்?" நாங்கள் கேட்டால் மனு. நீங்கள் கேட்டால் அது கஸ்டமர் கேள்வி, பதில் வரும். அந்த வாத்தியாரோடு செல்ஃபி எடுத்தே ஆகணும்னாலும் எடுங்க, கட்டையைத் தட்டிப் பார்க்காதீங்க. அவர் கட்டுவதற்கு முன்னால் அதைத் தொட்டுக் கும்பிட்டுத்தான் எடுத்திருப்பார்.

இந்த வருஷப் பாரதம் கலையரங்கத்தில் இல்லை. கோயிலுக்குக் கிழக்கே நவரை அறுத்த வயல் ரெண்டு ஏக்கர் இருக்கு, ஒண்ணு என்னுடையது. தாளை மடக்கி உழுது, தண்ணி விட்டு இறுக்கி, அங்கேதான் ஆட்டம். வேஷம் கட்ட மோட்டார் கொட்டகையைக் காலி பண்ணிக் கொடுக்கிறேன், பாம்பு இருக்கா என்று மட்டும் முதலில் பார்க்கணும். துகில் பத்தாம் நாள் ராத்திரி. பாய் கொண்டு வாங்க, விடிகாலையில் பனி இறங்கும், ஒரு போர்வையும் இருக்கட்டும். கொடி ஏற்றுகிற தேதி முடிவானதும் எழுதுகிறேன்.